பொம்மை ஊரில் ஏழாம் நம்பர் ரூம்

அமாவாசை வந்தால் ஆமத்தூரில் பத்திரகாளி வீட்டு வாசலில் மண் விழும்.

கருப்பணன் பொண்டாட்டி தெருமுனையிலேயே முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு குனிவாள். ரெண்டு கையும் கொள்ள மண்ணை அள்ளிக்கொண்டு நேரே வருவாள். வாசலில் போட்டிருக்கும் கோலத்தின் மேல் வீசி, "நாசமாப் போக! எம்பிள்ளைகளுக்கு அப்பன் இல்லாமப் பண்ணுன குடும்பம் வெளங்குமா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். தெருவில் யாரும் அவளைத் தடுப்பதில்லை. அவள் போனதும் ஞானசுந்தரி வெளக்கமாற்றை எடுத்துக்கொண்டு வந்து கூட்டுவாள்.

"விடுத்தா, நான் கூட்டுதேன்" என்பாள் மாமியார் பத்திரகாளி.

"நீங்க உள்ள போங்கத்த. ஒங்களப் பாத்தா இன்னொரு கை அள்ளிக்கிட்டு வருவா."

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம், சங்கரலிங்கம் முதலாளியின் பட்டாசு ஆலையில் ஏழாம் நம்பர் ரூம் வெடித்தது. வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த நாலு பேர் போனார்கள். ஞானசுந்தரியின் புருஷன் சங்கிலிமுத்து ஒருவன், கருப்பணன் ஒருவன். வாசலில் நின்ற போர்மேன் காளீஸ்வரன் மட்டும் இடது கால் வெந்து தப்பித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் சொன்னான்: "சங்கிலிமுத்து பீடியக் கொண்டாந்துட்டான். நான் சத்தம் போடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

உயிரோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னதே நடந்தது என்று ஆயிற்று.

சங்கிலிமுத்து பீடி குடிப்பவன்தான். ஆனால் பீடியும் தீப்பெட்டியும் உள்ள சட்டையைக் கழற்றி ஆலைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். அந்தச் சட்டையை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தபோது பையில் கட்டு முழுசாக இருந்தது. ஞானசுந்தரி அதைத் தெருவில் பிடித்துக் காட்டினாள். "வேற ஒண்ணு மடியில வச்சிருந்திருப்பான்" என்றார்கள்.

ரூம் வெடிப்பதற்கு முதல் நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டே அவன் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "மிச்ச மருந்து மளையில ஈரம் இளுத்துருச்சு சுந்தரி. கெளக்கு மூலையில சாக்கப் போட்டு மூடிவச்சிருக்கு. கொட்டி எரிச்சிருவோம்னா போர்மேன் விடமாட்டேங்கான். தொட்டா சுடுது."

கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். அந்தப் பக்கத்தில் பட்டாசு வேலை பார்க்கிற சின்னப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். காளீஸ்வரனுக்கும் தெரியும். வீணாய்ப் போனால் முதலாளியிடம் பேச்சு வாங்கவேண்டுமே என்று அவன் மூடிவைத்தான்.

பெண்டாட்டி சொல் எங்கே எடுபடும்? அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. இருக்கன்குடிக்கு வேன் பிடித்துப் போனபோதுகூட அவர்களைக் கூப்பிடவில்லை. "மாரியாத்தாகிட்டப் போறதுக்குக்கூட ஆகாதவளாயிட்டேன்" என்று பத்திரகாளி அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை.

ஞானசுந்தரி மறுபடி பட்டாசுப் பக்கம் போகவில்லை. ப்ளஸ் டூ படித்திருந்தாள். கம்ப்யூட்டர் பழகிக்கொண்டு திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தாள். மத்தாப்புப் பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் லேபிள் போடுகிற வேலை. குழந்தை சிரிக்கவேண்டும், பின்னால் வானம் பூப்பூவாய் வெடிக்கவேண்டும். அவள் கை அதற்கு நன்றாக வந்தது. வெடி என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்தவள் அல்லவா!

பக்கத்து சீட்டில் பர்வீன். விருதுநகர்ப் பெண், அத்தாவுக்கு பஜாரில் மிளகாய் வத்தல் கடை. வாய் ஓயாது. அவள்தான் ஒரு மத்தியானம் இழுத்துவிட்டாள்.

"யக்கா, மொதலாளி சாப்பாட்டுக்குப் போயிட்டாரு. இங்கன வந்து பாருங்க, ஒரு ஊரு காட்டுதேன்."

ஐலண்ட் என்று அதற்குப் பெயர். இன்டர்நெட்டுக்குள் ஒரு ஊர். கடல் இருந்தது, தெரு இருந்தது, கடை இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் ஆளுக்கொரு பொம்மையாக அதற்குள் நடக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம், பறக்கக்கூடச் செய்யலாம். பேச்சு எல்லாம் டைப் அடித்துத்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிவிட்டால் பொம்மையின் தலைக்கு மேலே தெரியும்.

"இதுல என்ன வேலை?" என்றாள் ஞானசுந்தரி.

"வேலை இருந்தா எதுக்குக்கா அங்க போறது? சும்மா சுத்தலாம். ஒங்க பொம்மைக்கு என்ன சேல கட்டணும், சொல்லுங்க."

"அரக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "தலையில பூ வைக்க முடியுமா?"

பர்வீன் பொம்மையின் தலை நிறைய வெள்ளைப் பூவை வைத்தாள். பெயரும் மல்லி என்றே போட்டாள்.

முதலில் நாலைந்து நாள் ஞானசுந்தரிக்குக் குறுகுறுவென்று இருந்தது. வெந்து செத்தவன் பொண்டாட்டி இங்கே பொம்மை வைத்து விளையாடுகிறாளா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறக்கும்போதே கண் திரையில் போய் நிற்கும். புளிச்சோற்றை ஒரு கையால் அள்ளிப் போட்டுக்கொண்டு மறு கையால் மவுஸைத் தள்ளுவாள். அங்கே அவளைப் பீடிக்காரன் பொண்டாட்டி என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரைக் கேட்டவர்களிடம் மலேசியா என்று சொல்லிவைத்தாள்.

அங்கேதான் ராஜாளி கிடைத்தார். தலைப்பாகை கட்டின பொம்மை. முதல் நாள் அவள் பறக்கத் தெரியாமல் கடலில் விழுந்து கிடந்தபோது, "என்னம்மா, மீன் பிடிக்கீகளா?" என்று மேலிருந்து எழுத்து வந்தது. தமிழ்! அதுவும் நம்ம பக்கத்துத் தமிழ். ஞானசுந்தரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அச்சடிக்கிற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை.

மனுஷன் நல்ல கேலிக்காரர். பறக்கக் கற்றுக்கொடுத்தார். சுவர் எழுப்ப, ஓடு வேய, கதவு மாட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் வாங்கின துண்டு மனையில் வெயிலடிக்கிறது என்று ஒரு வேப்பமரத்தைக் கொண்டுவந்து நட்டார். ஆறேழு மாசம் அப்படி ஓடிற்று. பத்திரகாளிகூட ஒருநாள், "இப்பத்தான் ஒனக்கு மொகத்துல ரத்தம் ஓடுது. என்னத்த திங்க அங்கன?" என்று கேட்டாள்.

ராஜாளி புது வீடு கட்டி அவளைப் பார்க்கக் கூப்பிட்டார்.

ஒரே அறை. எதிரும் புதிருமாகக் கதவுகள். எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு செம்புத் தகடு. ராஜாளியின் பொம்மை உள்ளே போகுமுன் நின்றது. உள்ளங்கையைத் தகட்டில் வைத்தது. பிறகுதான் படி ஏறியது.

ஞானசுந்தரியின் வாயில் சோறு அப்படியே நின்றுவிட்டது.

மருந்து ரூமுக்குள் போகிற எவனும் அந்தத் தகட்டைத் தொடாமல் போகமாட்டான். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். சங்கிலிமுத்து வீட்டுக்குள் வரும்போதுகூட நிலையில் அடித்த தகரத்தைப் பழக்கதோஷத்தில் தொட்டுவிட்டுத்தான் வருவான். பொம்மைக்கு ஏது கரண்ட்? பொம்மையை நடத்துகிறவன் கைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

"அது என்ன தகடு?" என்று தட்டினாள்.

"பட்டாசு ஆலைல இருந்தவன்மா நான். கை கேக்க மாட்டேங்கு" என்று பதில் வந்தது. "ஒரு விபத்துல கால் போச்சு. நொண்டி நொண்டித்தான் நடப்பேன். இங்க வந்தாத்தான் ஓட முடியுது. அந்த ரூம்ல நாலு பேர் செத்தாங்க. நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்."

அவள் கேட்டாள்: "எப்படித் தீப்பிடிச்சது?"

"ஒருத்தன் பீடி கொண்டாந்துட்டான்."

அவள் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். தின்ற சோறு பூராவும் வெளியே வந்தது.

பின்னாலேயே வந்த பர்வீன் தலையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும், "யா அல்லா! அந்தாளா? சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரேக்கா!" என்றாள்.

"அதத்தான் பர்வீனு என்னால செமிக்க முடியல. எம்புருசனக் கொன்னான், பேரையும் கெடுத்தான். அதோட விட்டானா? நான் ரெண்டு வருசங் களிச்சு சிரிச்ச சிரிப்பும் அவன்கூடயா சிரிச்சிருக்கணும்?"

"இனிமே அந்தப் பக்கம் போகாதீக."

"போவேன்" என்றாள் ஞானசுந்தரி. முகத்தைக் கழுவி, முந்தியால் அழுத்தித் துடைத்தாள். "போகத்தான் போறேன். வீடு கட்டச் சொல்லிக் குடுத்தானில்ல. கட்டிக் காட்டுதேன்."

கட்டினாள். மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து கட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே ஆலையில் காகிதக் குழாய் உருட்டினவள்; ஏழாம் நம்பர் ரூமுக்குத் தட்டுத் தட்டாகச் சுமந்தவள். வெள்ளையடித்த சுவர், மருந்தில் கறுத்த தரை, கால் கழுவுகிற தொட்டி, வெளியே காயப்போடுகிற மேடை, சுற்றிலும் சீமைக்கருவேலம். கதவுக்கு மேலே சிவப்பில் ஏழு. லேபிளில் வானம் வரைகிற கைக்கு இது பெரிய காரியமில்லை. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தப்பாக வைத்தாள். சாக்குப் போட்டு மூடின மருந்துத் தட்டு. அதைக் கிழக்கு மூலையில் வைக்காமல் மேற்கு மூலையில் வைத்தாள்.

போர்மேன் காளீஸ்வரனை அவளுக்குத் தெரியும். ஒரு தட்டு இடம் மாறி இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. சாமானை ஒழுங்காக வை என்று கத்திக் கத்தியே குரல் கட்டிப்போனவன்.

கட்டி முடிக்கவும் அமாவாசை வரவும் சரியாக இருந்தது. கருப்பணன் பொண்டாட்டி ரெண்டு கை மண்ணோடு வந்தபோது ஞானசுந்தரி வாசலிலேயே நின்றாள். ஓங்கின மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"விடுடி! கையத் தொடாத!"

"மதினி, ஒரே ஒரு நாளு என்கூட ப்ரஸ்ஸுக்கு வாங்க. வந்து ஒண்ணு பாருங்க. பாத்த பெறகும் ஒங்களுக்கு மனசிருந்தா என் வாசல்ல ஒரு வண்டி மண்ணக் கொண்டாந்து தட்டுங்க. நானே கூட நின்னு அள்ளித் தாரேன்."

"என்னத்தடி காட்டப் போற? ஒம்புருசன் சாமியாயிட்டானா?"

"ஒங்க புருசன் எப்பிடிச் செத்தாருன்னு காட்டுதேன்."

கருப்பணன் பொண்டாட்டியின் விரலிடுக்கில் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது.

மறுநாள் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருத்தங்கலுக்குப் போனார்கள். ஆளுக்கொரு ஜன்னல். மத்தியானம் முதலாளி சாப்பாட்டுக்குப் போனதும் பர்வீன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வெயிலேறிவிட்டால் ஆலையில் மருந்து கலக்கக் கூடாது. காளீஸ்வரன் ஆபீஸ் ரூமில் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அன்றைக்குப் பேச்சு பாதியில் அறுந்ததற்குக் கரண்ட் போனதைச் சாக்குச் சொல்லி, தான் கட்டினதைப் பார்க்க ஞானசுந்தரி அவனை வரச்சொல்லியிருந்தாள்.

திரையைப் பார்த்ததும் கருப்பணன் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்கியது. "இது… ஏளாம் நம்பர்ல்ல? சோத்துச் சட்டியத் தூக்கிட்டு நான் வந்த எடம்ல்ல இது?"

"அந்தா வாறாரு பாருங்க தலப்பாக் கட்டுனவரு. அவருதான் ஒங்க போர்மேன்" என்றாள் பர்வீன்.

"போடி இவளே. அது பொம்ம. அந்த நொண்டி எங்க, இது துள்ளிக்கிட்டு வருது!"

"நம்பலையா? இருங்க." பர்வீன் ப்ரஸ் போனை எடுத்து ஆலை ஆபீஸுக்குப் போட்டாள். லேபிள் விஷயமாகத் தினம் பேசுகிற நம்பர்தான். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். மணி அடித்தது. திரையில் துள்ளிவந்த பொம்மை நட்டநடுத் தெருவில் நின்றது. நடத்துகிறவன் கையை எடுத்ததும் அதன் தலை தொங்கிற்று.

"அலோ, யாரு?" காளீஸ்வரனின் கட்டின குரல்.

"சார், ப்ரஸ்லருந்து பர்வீன். புஸ்வாணம் லேபிளு ப்ரூப் ரெடி சார். வேலையா இருந்தீகளோ?"

"ஆமாம்மா, ஸ்டாக் பாத்துக்கிட்டிருக்கேன். தலைக்கு மேல வேல. சாயங்காலம் ஆள் அனுப்புதேன்."

போன் வைக்கப்பட்டது. பொம்மை தலையைத் தூக்கியது. அதன் மேலே எழுத்து ஓடியது. பர்வீன் வாசித்தாள்: "மன்னிக்கணும் மல்லி. ஒரு ப்ரஸ்காரி, போனப் போட்டு உயிரை வாங்குறா."

கருப்பணன் பொண்டாட்டி ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பொம்மை ரூம் வாசலில் வந்து நின்றது. சிவப்பு நம்பரை அண்ணாந்து பார்த்தது போலிருந்தது. பிறகு, "இது யார் கட்டினது?"

ஞானசுந்தரி தட்டினாள். "நான்தான். நீங்க சொன்ன கதையை வச்சும், தேடிப் பிடிச்ச படங்களை வச்சும் கட்டினேன். என் ராசியான நம்பர் ஏழு. சரியா இருக்கான்னு வாத்தியார்தான் சொல்லணும்."

பொம்மை தகட்டில் கை வைத்தது, உள்ளே போனது. சுற்றி வந்தது.

"பிரமாதம்மா. நேர்ல பாத்தமாதிரி இருக்கு. ஆனா அந்தத் தட்டு அங்க வராது."

"எந்தத் தட்டு?"

"சாக்குப் போட்டு மூடியிருக்கே, அது. மேக்க வரப்படாது. கிழக்கு மூலையில இருந்துச்சு. தீ அங்கருந்துதான் வந்தது."

பர்வீன் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஞானசுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. "பீடின்னு சொன்னீங்களே?" என்று தட்டினாள்.

பொம்மை நின்ற இடத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மலேசியாக்காரிதானே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள்தானே என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, ஒருவரிடமாவது இறங்கவேண்டும் போலவும் இருந்திருக்கலாம்.

"பீடியெல்லாம் இல்லம்மா. முந்தின நாள் மிச்ச மருந்து. ஈரம் பட்டது. கொட்டணும்னு அந்தப் பய சொன்னான். நான்தான் மூடிவைக்கச் சொன்னேன். உண்மையச் சொன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லவா போறான்?"

அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று வந்து விழுந்தது.

"அது என்னது, மஞ்சளா உருண்டையா?" என்றாள் கருப்பணன் பொண்டாட்டி.

பர்வீன் அதை விரலால் தொட்டுக் காட்டினாள். "சிரிக்காரு" என்றாள்.

"சிரிக்கானா?"

"ஆமாக்கா."

"எம்புருசன் வெந்து கெடந்த எடத்துல நின்னுக்கிட்டு சிரிக்கானா?"

ஞானசுந்தரி கடைசியாக ஒரு வரி தட்டினாள். நிதானமாக, ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் தட்டினாள். "நான் மலேசியா இல்லை. ஆமத்தூர். பேர் ஞானசுந்தரி. அந்தப் பய என் புருஷன்."

திரையில் பொம்மை இருந்த இடம் காலியாயிற்று.

சாயங்காலம் ஆலை விடுகிற நேரம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரெண்டு பேரும் நின்றார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஆணும் பெண்ணுமாகச் சனம் வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க, தூக்குச் சட்டி ஆட்டிக்கொண்டு வந்தவர்கள், இந்த ரெண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து நடையை மட்டுப்படுத்தினார்கள். காளீஸ்வரன் வேறு வழியில் போய்விடத்தான் பார்த்தான். அந்த ஆலைக்கு வேறு வழி கிடையாது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வந்தான்.

கருப்பணன் பொண்டாட்டி முந்தியை இடுப்பில் செருகினாள். குனிந்து ரெண்டு கையும் கொள்ள அள்ளினாள்.

"ஏ போர்மேனு! மிச்ச மருந்த எங்கலே மூடிவச்ச? கெளக்கு மூலையிலயா, மேக்கு மூலையிலயா? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு!"

"ஏம்மா, என்ன பேசுத நீ…"

"பீடின்னியே! ரெண்டு வருசமா ஒரு பாவமும் அறியாத வாசல்ல என்னிய மண்ணத் தூத்த வச்சியே, பாவி! இன்னைக்கு மத்தியானம் பொம்மையாட்டம் நின்னுக்கிட்டு சொன்னியா இல்லையா? கண்ணால பாத்தேம்லே! நீ சிரிச்சதையும் பாத்தேன்!"

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொம்மையின் பேச்சுக்கு என்ன சாட்சி இருக்கிறது? ஆனால் அவன் கண் ஞானசுந்தரியிடம் போயிற்று. "மல்லி…" என்று வாய் முணுமுணுத்தது. அடுத்த நிமிஷம் தலை தானாகக் குனிந்தது. சனத்துக்கு அது போதுமாக இருந்தது.

மண் அவன் முகத்தில் விழுந்தது; மறுபடி தலையில், சட்டையில். கருப்பணன் பொண்டாட்டி கை ஓய்கிறவரை அள்ளிப் போட்டாள். பிறகு ஞானசுந்தரி குனிந்தாள். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்தாள். வீசவில்லை. நொண்டி நிற்கிறவனின் பக்கத்தில் போய், செருப்புக் காலுக்கு முன்னால் மெதுவாகச் சரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவன் கலந்து கொடுத்த மருந்தைத் தொட ஒருவரும் தயாராக இல்லை. சீசன் நேரம். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். நியாயத்துக்காக அல்ல, லோடு நின்றுபோகுமே என்பதற்காக.

அடுத்த அமாவாசையன்று கருப்பணன் பொண்டாட்டி காலையிலேயே வந்தாள். கையில் வெளக்கமாறு இருந்தது. பத்திரகாளி வீட்டு வாசலைக் கூட்டினாள், சாணி தெளித்தாள். பத்திரகாளி உள்ளேயிருந்து ஒரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்துவிட்டுத்தான் போனாள்.

"இனிமே அந்த ஊருக்குப் போவீகளாக்கா?" என்று பர்வீன் கேட்டாள்.

ஞானசுந்தரி போனாள். ஏழாம் நம்பர் ரூமை அவள் இடிக்கவில்லை. உள்ளே போகுமுன் தகட்டைத் தொட்டாள். மேற்கே இருந்த தட்டை எடுத்துவிட்டாள். சங்கிலிமுத்து உட்காருகிற இடம் எதுவென்று தெரியும். அங்கே கொஞ்சம் உட்கார்ந்தாள். பறக்கத் தோன்றவில்லை. கேலி பேச ஆளில்லாத அந்த ஊர் ரொம்பப் பெரிதாக இருந்தது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெளியே, வேப்பமரத்தடியில் தலைப்பாகைப் பொம்மை வந்து நின்றது. வேலை போய், பிரவுசிங் சென்டரே கதியென்று கிடப்பவனுக்கு இப்போது நேரம் நிறைய. உள்ளே வரவில்லை.

"தாயி, மன்னிச்சிருங்க" என்று அதன் தலைக்கு மேலே எழுதியிருந்தது. கொஞ்சம் கழித்து, "ஒரு வார்த்தை பேசுங்க."

தினமும் வந்தது. தினமும் அதே இடத்தில் நின்றது. வேறு போக்கிடம் அவனுக்கும் இல்லை போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் அவள் சோற்றைத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் கொடுத்த வேப்பமரத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினாள். மரம் மறைந்தது. நிழலும் போயிற்று. பொம்மை நட்ட வெயிலில் தனியாக நின்றது. அது நகரவில்லை.

அந்த ஊர் வெயில் யாரையும் சுடாது. அவளுக்கு அந்த ஊரின் மேல் இருந்த ஒரே குறை அதுதான்.